மருந்தும் காவலரும்

ஓர் ஊரைக் காப்பதற்கு மதில் மட்டும் போதாது. மதிலைச் சூழ்ந்த அகழியும், மதிலுக்குள் இரவும் பகலும் விழித்திருக்கும் வீரரும் வேண்டும். அரண் வேறு, படை வேறு. இரண்டும் சேர்ந்தாலன்றிக் காவல் நிறைவுறாது என்பதை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். மனித உடலும் அத்தகைய கோட்டையே ஆகும். தோல் அதன் புறமதில். வாயிலும் குடலிலும் படர்ந்துள்ள மெல்லிய சவ்வு அதன் உள்மதில். இவற்றைக் கடந்து உட்புகும் நோய்க்கிருமிகளை எதிர்த்து நிற்கும் படையே இரத்தத்தில் உலவும் வெள்ளணுக்கள்.

உடல்நலம் உடையவரின் இரத்தத்தில் ஒரு கன மில்லிமீட்டர் அளவில் ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரை வெள்ளணுக்கள் உள்ளன. அவை யாவும் ஒரே தொழில் செய்வன அல்ல. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை நியூட்ரோபில் எனப்படும். இவை முன்னணிக் காலாட்படை போன்றவை. முள் தைத்த இடத்திற்கும், புண் உண்டான இடத்திற்கும் முதலில் விரைந்து செல்வன இவையே. இவை கிருமிகளை விழுங்கி அழிக்கின்றன. அழித்தபின் தாமும் மடிகின்றன. புண்ணில் காணும் சீழ் பெரும்பாலும் இவ்வாறு மடிந்த வீரரின் உடல்களேயன்றி வேறன்று.

லிம்போசைட்டு என்னும் மற்றொரு வகை வெள்ளணுக்கள் அனுபவம் முதிர்ந்த தளபதிகளை ஒத்தவை. அவற்றுள் பி அணுக்கள் கிருமிகளைப் பிடித்து முடக்கும் எதிர்ப்பொருள்களை உண்டாக்குகின்றன. டி அணுக்களுள் சில பிற அணுக்களுக்கு ஆணையிடுகின்றன. சில நோயுற்ற அணுக்களைத் தாமே நேரில் சென்று கொல்கின்றன. ஒருமுறை கண்ட பகைவனை இவை பல ஆண்டுகள் மறவா. சிறு வயதில் தட்டம்மை கண்டவரை மீண்டும் அந்நோய் அணுகாமைக்கும், தடுப்பூசி நம்மைக் காப்பதற்கும் இந்நினைவாற்றலே காரணம்.

இப்படைக்குரிய பயிற்சிக்களம் எலும்புகளின் உள்ளே இருக்கும் மஜ்ஜையாகும். செவ்வணு ஒன்று ஏறக்குறைய 120 நாட்கள் வாழ்கிறது. நியூட்ரோபிலின் வாழ்நாளோ மிகக் குறுகியது. இரத்தத்தில் அது உலவுவது சில மணி நேரம் முதல் சில நாட்கள் வரையே. ஆகவே மஜ்ஜை ஒரு நாளேனும் ஓய்ந்திருத்தல் இயலாது. வளர்ந்த மனிதர் ஒருவரின் மஜ்ஜை நாள்தோறும் ஏறத்தாழப் பத்தாயிரம் கோடி நியூட்ரோபில்களைப் படைத்து அனுப்புகின்றது என்றால், அங்கு நிகழும் உழைப்பின் விரைவை ஒருவாறு உணரலாம். ஓர் அணு இரண்டாகவும், இரண்டு நான்காகவும் இடைவிடாது பிரிந்து பெருகுவதே அவ்வுழைப்பு.

இவ்வாறு விரைந்து பெருகும் இயல்புதான் புற்றுநோய் மருத்துவத்தில் பெரியதொரு சிக்கலுக்கு வித்தாகிறது. புற்றுநோய் வெளியிலிருந்து வந்த பகையன்று. உடலின் அணு ஒன்று கட்டுப்பாட்டை மீறி, தேவையின்றித் தானே பெருகத் தொடங்குவது அது. கட்டி ஓரிடத்தில் நிற்குமாயின் அறுவை மருத்துவர் அதனை அகற்றலாம். உடலெங்கும் பரவிவிட்டாலோ, அறுவைக் கத்தி எட்டாத இடங்களுக்கும் மருந்து சென்று சேர்தல் வேண்டும். கீமோதெரபி எனப்படும் மருந்துச் சிகிச்சையின் நோக்கம் அதுவே. அம்மருந்துகளுட் பல, பெருகுவதற்கு முனையும் அணுவைத் தாக்கி அழிக்கின்றன.

வயலில் களை எடுப்பவர் கண்ணால் கண்டு, பயிரை விடுத்துக் களையைப் பறிக்கிறார். இம்மருந்துகளுக்கோ அத்தகைய கண் இல்லை. விரைந்து பெருகும் அணு எதுவாயினும் அவற்றிற்கு ஒன்றே. மயிர்க்கால்களின் அணுக்களும் விரைந்து பெருகுவன. ஆதலின் தலைமயிர் உதிர்கிறது. வாயிலும் குடலிலும் உள்ள சவ்வின் அணுக்களும் அத்தகையன. ஆதலின் வாய் புண்ணாகிறது. எல்லாவற்றினும் மேலாக, மஜ்ஜையில் பெருகிக்கொண்டிருக்கும் வெள்ளணுக்கள் குன்றுகின்றன. பகைவரை அழிக்க ஏவப்பட்ட கணை, காவலரையும் வீழ்த்திவிடுகிறது.

இவ்வுண்மை முதலில் மருத்துவமனையில் புலப்படவில்லை, போர்க்களத்தில் புலப்பட்டது. 1917ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், பெல்ஜியம் நாட்டின் ஈப்பர் நகரை ஒட்டிய போர்க்களத்தில் ஜெர்மானியர் கடுகு வாயு என்னும் நஞ்சை முதன்முதலாகப் பயன்படுத்தினர். அதனால் தோல் கொப்புளித்தது. கண்கள் ஒளி இழந்தன. இவை கண்ணுக்குத் தெரிந்த கேடுகள். எட்வர்டு கிரம்பார், ஹெலன் கிரம்பார் என்னும் இருவர் அவ்வாயுவால் தாக்குண்டோரின் இரத்தத்தையும் மஜ்ஜையையும் ஆராய்ந்து, 1919இல் மற்றொரு கேட்டையும் வெளியிட்டனர். அந்நஞ்சு உண்டவர்களிடம் வெள்ளணுக்கள் பெரிதும் குறைந்திருந்தன, மஜ்ஜை வறண்டிருந்தது.

இருபதாண்டுகளுக்குப் பின் இரண்டாம் உலகப்போர் மூண்டது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லூயி குட்மன், ஆல்பிரட் கில்மன் என்னும் மருந்தியல் அறிஞர் இருவர், கடுகு வாயுவுக்கு உறவான நைட்ரஜன் மஸ்டர்டு என்னும் பொருளை ஆராய்ந்தனர். வெள்ளணுக்களை அழிக்கும் நஞ்சு, வெள்ளணுக்களில் தோன்றும் புற்றுநோயையும் அழிக்குமன்றோ என்னும் வினா அவர்களுள் எழுந்தது. எலிகளிடம் கண்ட பயன் அவர்களுக்கு நம்பிக்கை ஊட்டியது.

ஜே. டி. என்னும் முதலெழுத்துகளால் மட்டும் அறியப்படும் ஒருவர் அப்போது யேல் மருத்துவமனையில் இருந்தார். போலந்து நாட்டிலிருந்து குடியேறியவர் அவர். கழுத்திலும் முகத்திலும் வளர்ந்த கட்டிகளால் உணவை விழுங்கவும் தலையைத் திருப்பவும் இயலாமல் அவர் துன்புற்றார். கதிர்வீச்சுச் சிகிச்சையும் பயன் தரவில்லை. 1942ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள் அவருக்குப் புதிய மருந்து ஊசிவழியே செலுத்தப்பட்டது. போர்க்கால இரகசியம் கருதி, ஏட்டில் அதன் பெயர்கூட எழுதப்படவில்லை. சில நாட்களில் கட்டிகள் கரையத் தொடங்கின. அவர் உணவு உண்டார், நன்கு உறங்கினார்.

ஆனால் கட்டிகளோடு காவலரும் கரைந்தனர். வெள்ளணுக்கள் குறைந்தன, இரத்தம் உறைவதற்குத் துணைசெய்யும் தட்டணுக்களும் குறைந்தன, ஈறுகளில் குருதி கசிந்தது. பின்பு மஜ்ஜை மெல்ல எழுந்தது. அதனோடு கட்டிகளும் மீண்டும் எழுந்தன. அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் அவர் உயிர் நீத்தார். சிகிச்சையின் வரலாறு 1946இல்தான் உலகிற்கு வெளியிடப்பட்டது. பகைவரை எவ்வளவு அழித்தல் இயலும் என்பதைப் போலவே, காவலர் எவ்வளவு தாங்குவர் என்பதும் மருத்துவத்தின் எல்லையாகும் என்பதை அம்மனிதரின் இறுதி நாட்கள் உலகிற்கு உணர்த்தின.

இவ்வரலாற்றில் தமிழகத்தோடு தொடர்புடைய பெயர் ஒன்றும் உண்டு. அன்றைய சென்னை மாகாணத்தின் பீமாவரத்தில் 1895இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அமெரிக்கா சென்று லெடர்லி ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சித் தலைவராக விளங்கிய அவரது குழு, அமினோப்டெரின் என்னும் மருந்தை உருவாக்கியது. அணுக்கள் பெருகுவதற்கு இன்றியமையாத போலிக் அமிலத்தின் செயலைத் தடுப்பது அம்மருந்து. பாஸ்டன் நகரில் சிட்னி பார்பர் என்னும் மருத்துவர் அதனை இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு அளித்தார். 1948இல் அவர் வெளியிட்ட அறிக்கையின்படி, 16 குழந்தைகளுள் 10 பேரிடம் நோய் சில காலம் தணிந்தது.

இரத்தப் புற்றுநோய் பிற புற்றுநோய்களினும் ஒருவகையில் கொடியது. அங்குக் காவலரே கலகக்காரராகின்றனர். முதிராத வெள்ளணுக்கள் மஜ்ஜை முழுவதையும் நிறைத்து, உண்மைக் காவலருக்கு இடமில்லாமற் செய்துவிடுகின்றன. அந்நோயைத் தீர்க்க மஜ்ஜையையே தாக்குவதன்றி வேறு வழி இல்லை. அன்று சில திங்களே தணிந்த அக்குழந்தை நோய், பல மருந்துகளைச் சேர்த்து முறையாக அளிக்கக் கற்றபின், மருத்துவ வசதி மிக்க நாடுகளில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது குழந்தைகள் பிழைக்கும் நிலைக்கு வந்துள்ளது. இவ்வெற்றி மருந்தின் வன்மையால் மட்டும் வந்ததன்று. காவலர் குறைந்த நாட்களில் நோயாளியைக் காக்கக் கற்ற அறிவாலும் வந்ததாகும்.

அந்நாட்கள் எவை? மருந்து செலுத்திய அன்றே வெள்ளணுக்கள் மறைந்துவிடுவதில்லை. முன்னரே இரத்தத்தில் இருந்தவை தம் வாழ்நாள் முடியும்வரை உலவுகின்றன. அவற்றின் இடத்தை நிரப்பப் புதியவை வாராமையால் எண்ணிக்கை நாளுக்கு நாள் தாழ்கிறது. பல மருந்துகளில், ஏழாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையே அது மிகத் தாழ்ந்த நிலையை அடைகிறது. அதன்பின் மெல்ல உயர்ந்து, ஏறக்குறைய மூன்று வாரங்களில் பழைய அளவை நெருங்குகிறது. பல சிகிச்சை முறைகளில் இருபத்தொரு நாட்களுக்கு ஒருமுறை மருந்து அளிப்பதன் காரணங்களுள் இது முதன்மையானது. அவ்விடைவெளி காவலர் மீண்டு எழுவதற்கு அளிக்கப்படும் தவணை.

மஜ்ஜை மீண்டும் எழுவது எங்ஙனம்? உழவர் பஞ்ச காலத்திலும் விதைநெல்லில் கை வைப்பதில்லை. விளைந்த பயிர் வெள்ளத்தில் அழிந்தாலும், குதிரில் விதைநெல் இருப்பின் அடுத்த பருவத்தில் வயல் பசுமை பெறும். மஜ்ஜையிலும் அத்தகைய விதைநெல் உண்டு. குருத்தணுக்கள் எனப்படும் மூல அணுக்களே அவை. அவற்றுட் பெரும்பாலானவை பெருகாமல் அமைதியாக உறங்கிக்கிடக்கின்றன. பெருகும் அணுக்களையே தேடித் தாக்கும் மருந்து, உறங்கும் அணுக்களைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. மருந்தின் வேகம் தணிந்ததும் அவை விழித்தெழுந்து, புதிய படையை உண்டாக்குகின்றன. மருந்துக்குக் கண் இல்லாமையால் விளையும் இடர், இவ்விடத்தில் ஓரளவு ஈடுசெய்யப்படுகிறது.

ஒவ்வொரு தவணைக்கு முன்னும் மருத்துவர் இரத்தத்தைச் சோதித்துப் பார்ப்பதும் இதனாலேயே. எண்ணிக்கை போதிய அளவு உயரவில்லையாயின் மருந்தை ஒத்திவைக்க நேரும். காலம் தாழ்த்தினால் புற்றுநோய்க்கும் ஓய்வு கிட்டுகிறது. காலம் தாழ்த்தாவிடின் காவலர் முற்றும் அழியக்கூடும். இவ்விரண்டிற்கும் இடையே துலாக்கோல் போல நின்று முடிவு செய்ய வேண்டிய பொறுப்பு மருத்துவருடையது. மருந்து ஒரு வாரம் தள்ளிப்போயிற்று என்று கேட்டு நோயாளியும் சுற்றமும் உள்ளம் சோர்வதுண்டு. அது சிகிச்சை தோற்றதற்கு அடையாளமன்று. படை திரளும்வரை காத்திருத்தலேயாகும்.

காவலர் குறைந்த நாட்களின் பெரிய இடர், பகைவர் வந்ததை அறிவிப்பாரும் இல்லாமற் போவதே. புண் சிவப்பதும் வீங்குவதும் சீழ் கொள்வதும் வெள்ளணுக்கள் நடத்தும் போரின் அடையாளங்கள். வெள்ளணுக்கள் இல்லாதவிடத்துப் போரும் இல்லை; அடையாளமும் இல்லை. தொற்று உள்ளே பரவிக்கொண்டிருக்க, வெளியே எல்லாம் அமைதியாகத் தோன்றும். காய்ச்சல் ஒன்றே எச்சரிக்கையாக எஞ்சி நிற்பதுண்டு. நியூட்ரோபில்களின் எண்ணிக்கை ஒரு கன மில்லிமீட்டருக்கு 500க்குக் கீழே சென்றுவிட்டால் நிலைமை மிக இக்கட்டானது என்பர். அந்நிலையில் உடல்வெப்பம் 100.4 பாரன்ஹீட் பாகையை எட்டினால், அதனைச் சாதாரணக் காய்ச்சலாகக் கருதி மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டு உறங்கச் செல்லுதல் பெருந்தவறு. நள்ளிரவாயினும் மருத்துவமனையை நாடுதல் வேண்டும். காலை வரை காத்திருத்தல் உயிரைப் பணயம் வைப்பதாகும்.

இவ்வெண்ணிக்கையின் பொருளை உலகிற்கு உணர்த்திய ஆய்வு 1966இல் அமெரிக்காவில் வெளிவந்தது. ஜெரால்டு போடியும் அவருடைய தோழரும் இரத்தப் புற்றுநோயுற்ற 52 பேரை ஆராய்ந்து, வெள்ளணுக்கள் குறையக் குறையத் தொற்று மிகுவதையும், குறைவு நீடிக்க நீடிக்க இடர் பெருகுவதையும் நிறுவினர். கிருமி இன்னதென்று அறியும்வரை காத்திராது, காய்ச்சல் கண்டவுடனே நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை இரத்தக்குழாய் வழியே செலுத்தும் வழக்கம் பின்னர் நிலைபெற்றது. அவ்வழக்கம் காத்த உயிர்கள் பலவாகும்.

மஜ்ஜையைத் தட்டி எழுப்பும் மருந்தும் பிற்காலத்தில் கிடைத்தது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் டொனால்டு மெட்கால்ப் என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும், வெள்ளணுக்களின் பெருக்கத்தைத் தூண்டும் இயற்கைப் பொருள்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் பிறர் அவ்வழியில் முயன்றனர். அவற்றுள் ஒன்றைச் செயற்கையாக ஆக்கி, பில்கிராஸ்டிம் என்னும் பெயரால் 1991இல் அமெரிக்க அரசு பயன்பாட்டிற்கு ஏற்றது. மருந்துச் சிகிச்சைக்குப் பின் இவ்வூசியைப் பெறுவோர் சிலர் எலும்பு வலிக்கிறது என்பர். உறங்கிய பயிற்சிக்களம் விரைந்து இயங்கத் தொடங்கியதன் விளைவு அவ்வலி.

காலாட்படை மூன்று வாரங்களில் திரண்டுவிடுகிறது. தளபதிகளாகிய லிம்போசைட்டுகள் அவ்வளவு விரைவில் மீள்வதில்லை. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மார்பகப் புற்றுநோய்க்கு மருந்துச் சிகிச்சை பெற்ற பெண்களை ஆராய்ந்தோர், சிகிச்சை முடிந்து ஒன்பது திங்கள் கழிந்தபின்னும் பி அணுக்களும், ஆணையிடும் டி அணுக்களும் முன்னிருந்த அளவை எட்டவில்லை என்று 2016இல் எழுதினர். டி அணுக்கள் முதிர்வது மார்பெலும்பின் பின்னே உள்ள தைமஸ் என்னும் சுரப்பியில். அது குழவிப் பருவத்தில் பெரிதாக இருந்து, வயது ஏற ஏறச் சுருங்குகிறது. ஆதலின் குழந்தைகளின் டி அணுக்கள் விரைவில் மீள்கின்றன. முதியோரின் அணுக்கள் தாமதிக்கின்றன.

தளபதிகள் மடியும்போது அவர்தம் நினைவும் ஓரளவு மடிகிறது. முன்பு போட்ட தடுப்பூசியின் பயன் சிலரிடம், சிறப்பாகக் குழந்தைகளிடம், குறைந்துபோவதுண்டு. எனவே சிகிச்சை முடிந்து உரிய காலம் சென்றபின் சில தடுப்பூசிகளை மீண்டும் இடுகின்றனர். சிகிச்சை நடக்கும் காலத்தில், உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து ஆக்கப்பட்ட தடுப்பூசிகளை இடுவதில்லை. வலுவிழந்த பகைவனையும் எதிர்க்க இயலாத நிலையில் அப்போது உடல் இருக்கிறது.

இதுவரை கூறியவை கொண்டு, மருந்து காவலருக்குப் பகையே என்று முடிவு செய்துவிடலாகாது. 2007ஆம் ஆண்டில் பாரிசு நகரில் கிடோ குரோமர், லாரன்ஸ் சிட்வோகல் முதலிய ஆராய்ச்சியாளர் வியப்புக்குரிய செய்தி ஒன்றை வெளியிட்டனர். டாக்சோருபிசின் முதலிய சில மருந்துகளால் மடியும் புற்றணு, தன் உள்ளே இருந்த கால்ரெடிகுலின் என்னும் புரதத்தை மேற்பரப்பில் காட்டுகிறது. அது கண்டு காவல் அணுக்கள் விழிப்புற்று, மடிந்த அணுவை விழுங்கி, அதன் அடையாளத்தை டி அணுக்களுக்கு அறிவிக்கின்றன. எலிகளிடம் செய்த சோதனைகளில் இது தெளிவாயிற்று. நெடுங்காலம் காவலரின் கண்ணுக்குப் படாமல் மறைந்திருந்த பகைவன், மடியும்போது தன்னைத் தானே காட்டிக்கொடுக்கின்றான் எனலாம்.

காவலரின் கையைப் பிணிக்கும் தடைகளை அவிழ்த்துவிடும் மருத்துவத்திற்காக, ஜேம்சு அல்லிசன், தசுக்கு ஹோஞ்சோ என்னும் இருவருக்கு 2018இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அத்தகைய மருந்தையும் பழைய மருந்துச் சிகிச்சையையும் ஒருங்கே அளித்தால், நுரையீரல் புற்றுநோயுற்றோர் பலர் கூடுதல் காலம் வாழ்கின்றனர் என்பதும் அவ்வாண்டிலேயே பெரிய ஆய்வொன்றால் தெரியவந்தது. காவலரை வீழ்த்துவதென்று மட்டும் அறியப்பட்ட மருந்து, அளவறிந்து பயன்படுத்தினால் அவர்களோடு தோள் சேர்ந்து போரிடவும் வல்லதாகிறது.

மருத்துவர் செய்வன இவை. சுற்றியிருப்போர் செய்யத்தக்கனவும் உண்டு. புற்றுநோய் ஒட்டிப் பரவும் நோயன்று. தலைமயிர் இழந்து, முகக்கவசம் அணிந்து பள்ளிக்குத் திரும்பும் மாணவன் ஒருவனைக் கண்டு விலகி ஓடுவோர், உண்மையைத் தலைகீழாகப் புரிந்துகொண்டவர். அவனிடமிருந்து பிறருக்கு நோய் வாராது. பிறரிடமிருந்தே அவனுக்கு வரக்கூடும். அவன் அணிந்த கவசம் உலகத்தை அவனிடமிருந்து காப்பதற்கு அன்று. அவனை உலகத்திடமிருந்து காப்பதற்கேயாகும்.

ஆதலின் சளியோ இருமலோ காய்ச்சலோ உடையவர் அந்நாட்களில் நோயாளியைக் காணச் செல்லாதிருத்தலே அன்பாகும். செல்பவர் சோப்பினால் கைகளைக் கழுவியபின் அணுகுதல் வேண்டும். நன்கு சமைத்த உணவையும் காய்ச்சி ஆற்றிய நீரையும் அளித்தல் நன்று. வீட்டிலுள்ள பிறர் தமக்குரிய தடுப்பூசிகளைத் தவறாது இட்டுக்கொள்ளின், அவர்களே நோயாளியைச் சூழ்ந்த வேலியாவர். இவ்வளவும் செய்தபின்னும் காய்ச்சல் வருதல் கூடும். கிருமிகளுட் பல நோயாளியின் தோலிலும் குடலிலும் முன்னரே குடியிருப்பவை. மருந்தால் புண்ணான உள்மதிலின் வழியே அவை நுழைகின்றன. அப்போது யாரையும் பழித்துப் பயனில்லை. காலம் தாழ்த்தாது மருத்துவமனை செல்வதே செய்யத்தக்கது.

உடலின் காவலர் எண்ணில் குறைந்திருக்கும் நாட்கள் சிலவே. ஆயினும் அந்நாட்களில் ஒருவரது உயிர், அவருடைய உடலுக்குள் இருக்கும் படையைக் காட்டிலும், வெளியே இருக்கும் மக்களையே மிகுதியும் நம்பியிருக்கிறது. கையைக் கழுவும் தாயும், இருமலோடு வாராது வாயிற்படியிலேயே நின்று நலம் கேட்டுச் செல்லும் நண்பனும், நள்ளிரவில் வண்டி தேடி ஓடும் அண்டைவீட்டாரும் அப்போது அவருக்கு வெள்ளணுக்களாகின்றனர். விதைநெல் முளைத்துப் பயிராகும் வரை வயலைக் காத்து நிற்பது ஊராரின் கடமையன்றோ!